கண்ணகி வெறியும் குளிர்த்தியும்: மட்டக்களப்பிலிருந்து புதுமைப்பித்தனை வாசித்தல்

‘பொன்னகரம்’ கதையின் கடைசி வரியை இலங்கையின் கிழக்குக் கரையில், மட்டக்களப்பில் வாசித்துக் காட்டினால் ஒரு சின்னச் சறுக்கல் நேரும். கற்பு, கற்பு என்று ‘கதைக்கிறீர்களே’ என வாசகரைப் பார்த்துச் சீறுகிறார் புதுமைப்பித்தன். சென்னையிலும் திருநெல்வேலியிலும் அந்தச் சொல்லில் ஓர் இளக்காரம் உண்டு. கதை அளக்கிறீர்கள், வெறும் வாய் மெல்லுகிறீர்கள் என்பது போல. எங்களுக்கோ கதைப்பதென்றால் பேசுவது, அவ்வளவுதான். டொக்டரோடு கதைக்கிறோம், தொலைபேசியில் கதைக்கிறோம், செத்த வீட்டிலும் கதைக்கிறோம். எங்கள் வாசிப்பு வட்டத்தில் அந்த வரி வந்தபோது, உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வந்திருந்த பிள்ளை ஒருத்தி, கற்பைப் பற்றி ஆட்கள் கதைப்பது வழக்கம்தானே, இதில் அவருக்கு என்ன கோபம் என்று கேட்டாள். ஓங்கிய கை பாதியில் நின்றுபோயிற்று.

அதை விளக்கிச் சொன்ன பிறகு அவள் சிரித்தாள். ஆனால் விளக்கியபின் சிரிப்பது வேறு, தானாகச் சுடுவது வேறு. எண்பது, தொண்ணூறு ஆண்டுக்கு முந்திய கதைகளை இன்றைய வாசகர் எப்படி எதிர்கொள்கிறார் என்ற கேள்விக்குக் காலத்தை மட்டும் வைத்துப் பதில் சொல்வது தமிழ்நாட்டு வழக்கம். மட்டக்களப்பு, அம்பாறைக் கரையில் அது போதாது. தமிழ்நாட்டில் சண்டை பிடிக்கும் இடங்களை இங்குள்ளவர்கள் அமைதியாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அங்கே யாரும் கவனிக்காத இடத்தில் நின்று முரண்டு பிடிக்கிறார்கள்.

சொ. விருத்தாசலம் என்ற புதுமைப்பித்தன் 1906 ஏப்ரல் 25இல் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தவர். சொந்த ஊர் திருநெல்வேலி, பிழைப்பு சென்னையில். 1948 ஜூன் 30இல் திருவனந்தபுரத்தில் காசநோய் அவரைக் கொண்டுபோனது. கதை எழுதிய காலம் பதினைந்து ஆண்டுகூட இல்லை. கதைகள் ஏறத்தாழ நூறு. முதல் தொகுப்பு 1940இல் வந்தது, ‘காஞ்சனை’ தொகுப்பு 1943இல். அவருடைய எழுத்துகளைத் தமிழ்நாட்டு அரசு 2002இல் நாட்டுடைமையாக்கியது. இந்தக் கடைசிச் செய்திக்கு எங்கள் பக்கத்தில் ஒரு நேரடி விளைவு உண்டு. 2022 பொருளாதார நெருக்கடியில் இலங்கை ரூபாய் விழுந்த பிறகு தமிழ்நாட்டிலிருந்து வரும் தடித்த தொகுப்பை வாங்குவது ஓர் ஆசிரியரின் சம்பளத்துக்கும் கொஞ்சம் பாரம்தான். ஆகவே இன்றைய பிள்ளைகள் கைப்பேசியில், இலவசமாகக் கிடைக்கும் பிரதியில், ஒவ்வொரு கதையாக வாசிக்கிறார்கள். கதை கிடைக்கிறது, வருடம் கிடைப்பதில்லை. எது முதலில் எழுதியது, எது அதற்கு மறுமொழியாக எழுதியது என்ற வரிசை தெரியாமல் போகிறது. அகலிகை விஷயத்தில் அந்த வரிசை முக்கியம்.

அகலிகையைப் பற்றி அவர் இரண்டு கதை எழுதினார். 1934இல் எழுதிய ‘அகல்யை’யில் கோதமர் பெரிய மனிதர். நடந்ததை மன்னித்துவிடுகிறார், கற்பு மனத்தைச் சேர்ந்தது என்கிறார், இந்திரனுக்குக்கூடப் புத்திமதி சொல்லி அனுப்புகிறார். அந்தக் காலத்தில் அது துணிச்சலாக இருந்திருக்கும். இன்றைய பெண் வாசகர்கள் அதை வாசித்துவிட்டு உதட்டைச் சுழிக்கிறார்கள். மன்னிப்பதற்கு அவள் என்ன செய்தாள் என்பது அவர்கள் கேள்வி. அதே கேள்வி எழுதியவருக்கும் எழுந்திருக்க வேண்டும். 1943இல் வந்த ‘சாப விமோசனம்’ அதற்குக் கொடுத்த பதில் போலவே இருக்கிறது. இராமாயணம் தெரிந்தவர்களுக்கு இது பிடிபடாமலும் பிடிக்காமலும் போகலாம், அதைத் தாம் பொருட்படுத்தவில்லை என்று தொடக்கக் குறிப்பிலேயே முன்கூட்டிச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறார்.

கல் பெண்ணான பிறகு என்ன நடந்தது என்பதுதான் அந்தக் கதை. சாபம் தீர்ந்துவிட்டது, ஆனால் அவளுக்கு ஒன்றும் தீரவில்லை. கணவன் அருகில் வந்தாலும் இந்திரன்தான் நினைவுக்கு வருகிறான். சாதாரணச் சொல்லுக்குக்கூட உள்ளர்த்தம் இருக்குமோ என்று மனம் துழாவுகிறது. மற்றப் பெண்கள் அவளைக் கண்டு ஒதுங்குகிறார்கள். 2004 கடல்கோளுக்குப் (சுனாமிக்குப்) பின்னர் எங்கள் மாவட்டங்களில் உளவளத்துணை (கவுன்சலிங்) என்ற சொல் மீனவக் குடிசை வரைக்கும் போய்ச் சேர்ந்தது. அந்தப் பணியில் பல வருடம் இருந்த ஒருவர் கதையை முதன்முதலாக வாசித்துவிட்டு, இது நாங்கள் படிவத்தில் எழுதுகிற விஷயம் என்றார். நித்திரையின்மை, திடுக்கிடல், தொடுகைக்கு அஞ்சுதல், ஊர் பார்க்கும் பார்வை எல்லாம் அவருக்கு அறிமுகமானவை. இலக்கியக்காரர்கள் கோதமரின் தத்துவ விசாரத்தில் மூழ்கியிருந்தபோது அவர் நேரே நோயாளியிடம் போய்விட்டார். எனக்கு அது நல்ல வாசிப்பாகப் பட்டது. ஒரு குறை மட்டும் உண்டு. எல்லாவற்றையும் நோயென்று பெயரிட்டுவிட்டால் அகலிகையின் கோபத்துக்கு இடமில்லாமல் போய்விடும்.

கோபம் வரும் இடம் கதையின் முடிவுக்குச் சற்று முன்னால். காடும் போரும் முடிந்து சீதை வந்து அகலிகையோடு உட்கார்ந்து நடந்ததையெல்லாம் சொல்லுகிறாள். தீக்குளித்த கதையும் வருகிறது. இராமனைக் குறித்து, அவன் கேட்டானா என்று அகலிகை கத்துகிறாள். அந்த இடத்தில், அவள் மனத்தில் ‘கண்ணகி வெறி’ ஆடியது என்று எழுதுகிறார் புதுமைப்பித்தன். இராமாயணத்துக்குள் கண்ணகி எங்கிருந்து வந்தாள் என்று யாரும் கேட்பதில்லை. தமிழ்நாட்டு வாசகருக்கு அது சிலப்பதிகாரத்தை நினைவூட்டும் ஓர் உவமை. மதுரை, சிலம்பு, தீ என்று மனம் ஓடி நின்றுவிடும்.

இங்கே கண்ணகி உவமை அல்ல. வைகாசி பிறந்தால் தம்பிலுவிலிலும் காரைதீவிலும் செட்டிபாளையத்திலும் இன்னும் பல ஊர்களிலும் அவளுடைய சடங்கு. பல கோயில்களில் ஆண்டு முழுவதும் பூட்டிக் கிடக்கும் கதவு அப்போதுதான் திறக்கும். ‘கண்ணகி வழக்குரை’ பாடுவார்கள். இளங்கோவடிகளின் நூலிலிருந்து வேறுபட்ட, இந்த மண்ணில் ஏட்டுப் பிரதிகளாகவும் வாய்ப்பாடலாகவும் வளர்ந்த பாட்டு அது. கல்யாணக்கால் என்ற சடங்குக் கம்பம் நடுவார்கள். எல்லாம் முடிந்து கடைசியில் குளிர்த்தி. மதுரையை எரித்துவிட்டு வந்தவளின் வெக்கையைத் தணிக்கும் பாடல். அம்மாளைக் குளிரப் பண்ணாமல் கதவைச் சாத்த முடியாது. கற்பைப் பற்றிய உபதேசம் அந்தச் சடங்கில் பெரிதாக இல்லை. அநீதிக்கு ஆளான ஒரு பெண்ணின் கோபம் ஊருக்கே ஆபத்து, ஆகவே அதை மதித்து ஆற்ற வேண்டியது ஊரின் கடமை என்பதே அடியில் ஓடும் கருத்து. அம்மை நோயும் மழையும் அவள் கையில் என்ற நம்பிக்கை அதோடு சேர்ந்தது.

இப்படி வளர்ந்த ஒருவர் ‘கண்ணகி வெறி’ என்ற சொல்லைக் காணும்போது அடுத்து ஒன்றை எதிர்பார்க்கிறார். வெறி வந்துவிட்டது, சரி, குளிர்த்தி எங்கே? கதையில் அது இல்லை. தழுவ வருபவன் கோதமனா, கோதமன் வேடத்தில் வந்த இந்திரனா என்று தெரியாத அந்தக் கணத்தில் அவள் மறுபடி கல்லாகிவிடுகிறாள். கோதமர் துறவியாகி நடந்து போய்விடுகிறார். தம்பிலுவில் பக்கத்து அக்கா ஒருவர், வழக்குரை கேட்டே வளர்ந்தவர், கதை முடிந்ததும் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, அவளைக் கல்லாக விட்டுவிட்டு எல்லோரும் எழும்பிப் போய்விட்டார்கள், தண்ணீர் தெளிக்கக்கூட ஓர் ஆள் இல்லை என்றார். இந்தக் கதை பற்றிப் பல விமர்சனக் கட்டுரைகளை வாசித்திருக்கிறேன். பெண்ணின் எதிர்ப்பு, ஆணின் நீதி, இராமன் என்ற இலட்சியத்தின் சரிவு என்றெல்லாம் எழுதியிருக்கிறார்கள், தவறில்லை. ஆனால் அந்த முடிவை, செய்ய வேண்டிய சடங்கைச் செய்யாமல் விட்ட ஓர் ஊரின் குற்றமாக யாரும் வாசித்து நான் கண்டதில்லை.

தீயைப் பற்றியும் ஒன்று. கல்முனைக்குப் பக்கத்தில் பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலில் பதினெட்டு நாள் பாரதம் நடக்கும். வனவாசம், அருச்சுனன் தவநிலை எல்லாம் ஆகிக் கடைசியில் தீமிதிப்பு. அங்கே தீ யாரையும் சோதிப்பதில்லை. நேர்த்தி வைத்தவர்கள் அம்மனை நம்பி இறங்குகிறார்கள். சீதையின் தீயோ ஒருவர் கேட்க, இன்னொருவர் நிரூபிக்க மூட்டியது. பாண்டிருப்புப் பையன் ஒருவனுக்கு அகலிகையின் கத்தல் உடனே புரிந்தது. தீயை அப்படிப் பயன்படுத்துவது அவனுக்குத் தீயையே அவமதிப்பதாகத் தோன்றியது.

பிறகு சிரிப்பும் வந்தது. இந்தப் பகுதியில் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் வீடும் வளவும் பெரும்பாலும் பெண்ணுக்கு எழுதப்படும். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து சேர்வார். குடி என்ற குலப்பிரிவு தாய்வழியில் வருவது. கோதமர் கடைசியில் நடையைக் கட்டியதை வாசித்ததும் ஒருவர், வேறென்ன செய்வார், வீடு அவள் பெயரில் அல்லவா என்றார். சிரித்தோம். ஆனால் அதைப் பெருமையாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. வீட்டு உறுதி பெண்ணின் பெயரில் இருப்பதால் புருஷனின் சந்தேகமோ அடியோ குறைந்துவிடவில்லை. மகளுக்கு வீடு கட்டவேண்டும் என்பதற்காகவே எத்தனை தாய்மார் குவைத்துக்கும் சவூதிக்கும் வீட்டுவேலைக்குப் போனார்கள் என்று இந்தக் கரையில் யாரைக் கேட்டாலும் சொல்லுவார்கள்.

அந்தத் தாய்மாரை அறிந்தவர்களுக்கு ‘பொன்னகரம்’ அதிர்ச்சி தருவதில்லை. 1934இல் அது அடித்த அடி வேறு. குதிரைவண்டிக்காரன் முருகேசன் குடித்துவிட்டு ஓட்டி விழுந்து கிடக்கிறான். மில்லில் கூலி வேலை செய்யும் அம்மாளு, அவனுக்குப் பால்கஞ்சி வார்ப்பதற்காகச் சந்தின் இருட்டில் முக்கால் ரூபாய் சம்பாதிக்கிறாள். ஒழுக்கம் பேசும் நடுத்தர வர்க்கத்தின் முகத்தில் அறைவதற்காக எழுதிய கதை. இன்று எங்கள் வட்டத்தில் யாரும் அவள் செய்தது சரியா பிழையா என்று கேட்கவே இல்லை. அந்த முக்கால் ரூபாயை யாரிடம் கடனாகக் கேட்டிருக்கலாம் என்பதைப் பற்றித்தான் விவாதம் போயிற்று. கிராமம் கிராமமாகப் பெண்களைக் குழுவாகச் சேர்த்துக் கொடுத்த நுண்கடனும், வாரம் தவறாமல் தவணைக்கு வாசலில் வந்து நின்றவர்களும் எங்கள் நினைவில் புதிது. அம்மாளுவுக்கு அந்தக் கடன்காரர்கூட இல்லையே என்றும், இல்லாதது நல்லது என்றும் இரண்டு கட்சி. கற்பு என்ற சொல்லைக் கொண்டு அடிக்க வந்தவருக்கு அடிவாங்க ஆளில்லை. இது கதையின் தோல்வி என்று நான் நினைக்கவில்லை. கடைசி வரியின் கூச்சல் மங்கியதால் அதற்கு முன்னால் இருக்கும் கணக்கு தெளிவாகத் தெரிகிறது.

‘மகாமசானம்’ வேறு விதம். அதில்தான் புதுமைப்பித்தனோடு எனக்கும் ஒரு வழக்கு இருக்கிறது. பட்டணத்துப் பெருந்தெருவில், ஜனங்கள் போவதும் வருவதுமாக இருக்கிற இடத்தில், ஒரு பிச்சைக்காரன் செத்துக்கொண்டிருக்கிறான். ஊர் தன்பாட்டில் கடந்து போகிறது. ஒரு சிறுமிதான் நின்று பார்க்கிறாள். நகரத்தின் ஈரமின்மையைக் காட்டும் கதையென்று பாடம் சொல்லுவோம். மிகச் சரியான பாடம், ஆனால் ஐம்பது வயது தாண்டியவர்கள் இருக்கும் ஒரு மட்டக்களப்பு அறையில் அதைச் சொல்லும்போது குரல் தடுமாறும். போர்க்காலத்தில் தெருவோரத்தில் ஒரு உடல் கிடந்தால் திரும்பிப் பார்க்காமல் சைக்கிளை மிதிப்பதை இங்கே ஒரு தலைமுறை பழகியிருந்தது. நின்றால் ஏன் நின்றாய் என்பார்கள். தெரிந்த முகமென்று காட்டிக்கொண்டால் அடுத்த கேள்வி உன்னைப் பற்றியது. அது ஈரமின்மை அல்ல, பயம். கடந்து போனவனுடைய வீட்டில் அன்று இரவு யாரும் சாப்பிட்டிருக்கமாட்டார்கள். புதுமைப்பித்தனின் ஏளனம் அந்த மனிதர்கள்மேல் விழும்போது, நிறுத்துங்கள் ஐயா, இவர்கள் அவர்கள் இல்லை என்று சொல்லத் தோன்றுகிறது. போருக்குப் பின்னர் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்தத் தடுமாற்றம் கிடையாது. அவர்கள் கதையை எழுதியபடியே வாசிக்கிறார்கள். ஒரே அறையில் ஒரே கதைக்கு இரண்டு கேட்போர்.

இனி ‘துன்பக்கேணி’. இலங்கை என்பதால் இதைத்தான் எங்களவர் முதலில் தேடி வாசிப்பார்கள் என்று தமிழ்நாட்டு நண்பர்கள் நினைக்கிறார்கள். திருநெல்வேலிக் கிராமத்திலிருந்து மருதி என்ற பெண் தேயிலைத் தோட்டத்துக்கு ஆள்கட்டி அனுப்பப்பட்டு, அங்கே அதிகாரிகளின் கையில் சிதைகிற நீண்ட கதை. தமிழ்நாட்டில் அதன் சாதிச் சித்திரிப்பைத் தலித் விமர்சகர்கள் கடுமையாகக் கேள்வி கேட்டார்கள். 2014இல் சென்னைப் பல்கலைக்கழகம் அதைப் பாடத்திட்டத்திலிருந்து எடுத்துவிட்டது. விமர்சகர்களின் கேள்வியில் நியாயம் உண்டு. பரிவோடு எழுதும்போதே மேலிருந்து பார்க்கும் ஒரு கண் அந்த நடையில் இருக்கிறது. ஆனால் கதையை எடுத்துவிட்டால் கேள்வியும் கூடவே போய்விடும். கதையையும் எதிர்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பித்திருக்கலாம்.

எங்கள் கரையில் நடப்பது இந்த வாதமும் அல்ல. தேயிலைத் தோட்டங்களுள்ள மலையகத்தைப் பற்றிக் கிழக்குக்கு உள்ள அறியாமைதான் அந்தக் கதையில் முதலில் வெளிப்படுகிறது. மட்டக்களப்பிலிருந்து மலையகத்துப் பதுளை ஒன்றும் சந்திரமண்டலத்தில் இல்லை. ஆனாலும் கங்காணி (தொழிலாளரை மேய்ப்பவர்), லயம் (அவர்களின் வரிசை வீடு) என்ற தோட்டத்துச் சொற்களைக் கேட்டால் பலர் விழிக்கிறார்கள். புதுமைப்பித்தன் இறந்த அதே 1948இல்தான் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் வந்து, மருதியின் வழியில் வந்த இலட்சக்கணக்கானவர்களை நாடற்றவர்களாக்கியது. அந்த ஆண்டுப் பொருத்தத்தைச் சொன்னபோது அறையில் இருந்த பாதிப் பேருக்கு அது புதிய செய்தி. திருநெல்வேலிக்காரர் எழுதியதைக் கொண்டு எங்கள் நாட்டையே நாங்கள் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது கொஞ்சம் வெட்கம்தான்.

நகைச்சுவைதான் அதிகம் கசிந்து போவது. ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையில் கடவுளையே ஆயுள் சந்தாக்காரராகச் சேர்த்துவிடும் அந்தப் பிள்ளைவாளின் பேச்சு, சைவ வேளாளக் குடும்பங்களின் இழுப்பும் இடக்கும் தெரிந்தவர்களுக்கே முழுதாக விளங்கும். எங்களுக்கு வயல்காரப் போடியாரைத் தெரியும், பிள்ளைவாளைத் தெரியாது. டிராம் வண்டியும் தெரியாது. என்றாலும் ஓர் ஆச்சரியம்: கடவுள் ஒருவரின் வீட்டுக்கு விருந்தாளியாக வருவதைச் சொல்லும் கதையை முஸ்லிம் நண்பர்கள் சங்கடத்தோடு தாண்டிப் போவார்கள் என்று நினைத்திருந்தேன். மருதமுனைக்காரர் ஒருவர், வந்தவரிடம் உடனே சந்தா கேட்ட பத்திரிகைக்காரனைத்தான் நான் பார்த்தேன், அந்த மனிதன் எங்கள் ஊரிலும் உண்டு என்று சொல்லிவிட்டார். இந்தக் கரையிலும் சிறுபத்திரிகை நடத்தி நொடித்தவர்கள் உண்டல்லவா.

அதே மருதமுனைக்காரருக்கு ‘செல்லம்மாள்’ மறக்க முடியாத கதையாகிவிட்டது. நெசவுக்குப் பேர்போன ஊர். ஜவுளிக்கடைச் சிப்பந்தி என்றால் என்னவென்று கேட்டார். புடவைக்கடையில் நிற்கிறவர் என்றதும் பிடித்துக்கொண்டார். பிரமநாயகம் பிள்ளை நாள் முழுக்கப் பிறருக்குத் துணி விரித்துக் காட்டிவிட்டு, நோயாளி மனைவியிடம் வந்து சேர்கிறார். உற்றார் உறவினர் ஐந்நூறு, அறுநூறு மைல் தொலைவில் இருக்க, பட்டணத்துத் தனிமையில் அவள் இறக்கிறாள். அவர் வெந்நீர் வைத்து, உடம்பைக் கழுவி, எல்லாம் தாமே செய்கிறார். இந்தக் கதையில் விளக்கம் ஒன்றும் தேவைப்படவில்லை. வளைகுடாவில் ஓர் ஆள் இறந்து, பெட்டி கட்டுநாயக்க விமான நிலையம் வந்து, அங்கிருந்து வான் வண்டியில் ஊருக்கு வரும் வரையில் காத்திருந்த குடும்பங்கள் எத்தனையோ. இத்தனை வருடத்தில் பிசிறில்லாமல் எங்களிடம் வந்து சேர்ந்த புதுமைப்பித்தன் கதை இதுதான் என்பது என் கணிப்பு. கோபமில்லாத, ஏளனமில்லாத புதுமைப்பித்தன்.

‘காஞ்சனை’யைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பேயா, மனப்பிரமையா என்று முடிவு சொல்லாமல் விடுவது அதன் சாமர்த்தியம் என்பார்கள். மட்டக்களப்புக்காரன் மந்திரம் போட்டுப் பாயோடு ஒட்டவைத்துவிடுவான் என்று யாழ்ப்பாணத்தார் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் பகிடி ஒன்று உண்டு. அந்தப் பெருமைக்கு உரிய மண்ணில் கேள்வி வேறு விதமாக எழும்புகிறது. தெருவில் போன அறியாத பெண்ணை வீட்டுக்குள் கூட்டிவந்தது யார்? பொறுப்பு கூட்டிவந்தவருடையது. அத்துடன் விவாதம் முடிந்தது.

மட்டக்களப்பில் ‘பித்தன்’ என்ற பெயரில் எழுதிய கே. எம். ஷா என்ற முன்னோடி இருந்தார். அவருடைய ‘பாதிக்குழந்தை’யைப் ‘பொன்னகரம்’ வாசித்த கையோடு வாசிக்க வேண்டும் என்று சிலர் சொல்லுகிறார்கள். நல்ல யோசனை.

அதற்கு முன்னர் ‘கபாடபுரம்’ வைப்பதாக இருந்தோம். கடல்கொண்ட நகரத்தைப் பற்றிய மாயக் கதை. அவருடைய தமிழ் அதில் வேறு உயரத்தில் நிற்கும். பட்டியலில் அது டிசம்பர் மாதக் கூட்டத்துக்கு விழுந்திருந்தது. 2004 டிசம்பர் 26 கடல்கோளில் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கு மேற்பட்டோர் போனார்கள். மட்டக்களப்பில் நாவலடி ஏறத்தாழ துடைத்தெடுக்கப்பட்டது. அந்த ஊர்க்காரர் ஒருவர் எங்கள் கூட்டத்துக்கு வழமையாக வருகிறவர். கதையை அவர் முன்பே வாசித்திருக்கிறார், அருமையான கதை என்றுதான் சொன்னார். டிசம்பரில் மட்டும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். மாசிக்குத் தள்ளி வைத்திருக்கிறோம்.